புகையை நிறுத்திய யோகேஸ்வரி

வெளிநாட்டுக்குப் புறப்பட்ட மகனிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. பல நாட்களாக நித்திரையின்றி அலைந்த நான், அன்று காலை நெடுங்கேணியில் என் வயலுக்குப் போயிருந்தேன். பக்கத்து வயற்காரி யோகேஸ்வரி வைக்கோல் எரித்துக்கொண்டிருந்தாள். புகை சூழ்ந்ததும் நெஞ்சை யாரோ அழுத்திப் பிடித்ததுபோல் இருந்தது. இடக்கை உளைந்தது. வரம்பிலேயே சரிந்தேன்.

“அண்ணை, என்ன செய்யுது?” என்று ஓடி வந்தவள், என்னை உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏற்றி, தானே ஓட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

மாரடைப்பு. கவலையால் ஏற்கெனவே களைத்திருந்த இருதயத்தைப் புகையும் சேர்ந்து வருத்தியிருக்கலாம் என்றார் டொக்டர். அருகில் நின்ற அவள் முகம் வாடிப்போனது.

நான் வீடு திரும்பியபோது எங்கள் வயல்வெளியில் புகையே இல்லை. அவள் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசி, வைக்கோலை எரிக்காமல் மண்ணோடு சேர்த்து உழச் சம்மதிக்க வைத்திருந்தாள். பின்னேரம் நான் சாய்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“புகையை நிப்பாட்டிப்போட்டம், அண்ணை. இனி மகன்ர கதையை எனக்கும் சொல்லுங்கோ. தனிய யோசிச்சுக்கொண்டிருக்காதேங்கோ.”

அன்றுதான் வாய்விட்டு அழுதேன். மகன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி பிறகுதான் வந்தது. ஆனால் என் நெஞ்சு இலேசானது அந்தப் பின்னேரத்தில்தான்.