குளிரில் மட்டும் வரும் சத்தம்

ஜொகூரில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஆண்டு இறுதியில் மழை நாள்கணக்கில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டிலிருந்து ஈரக்காற்று வீசும் காலைகளில் எங்கள் ஊரான லாயாங் லாயாங்கில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவோம். எங்கள் பழைய ஒரு டன் லாரி அப்படிப்பட்ட காலைகளில்தான் சத்தம் போட ஆரம்பித்தது.

சாவியைத் திருப்பியதும் எஞ்சின் வழக்கம்போல் இருமிக்கொண்டு எழும். உடனே இருக்கைக்கு அடியிலிருந்து டிக் டிக் டிக் என்று, தகரத்தை யாரோ நகத்தால் வேகமாகத் தட்டுவதுபோல் கேட்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தட்டலும் வேகமாகும். பெரிய சாலையில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் குறைந்து, காணாமல் போய்விடும். வெயில் அடித்த நாள்களில் வரவே வராது.

லாரி அண்ணனுடையது. அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பதால், நானும் அண்ணியும்தான் அதை வைத்து வாழை இலை வியாபாரம் செய்கிறோம். பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டங்களில் முந்தின நாளே இலை வாங்கி வைத்து, காலையில் கூலாயில் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஓட்டுவது நான். அண்ணி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். மழைக்காலத்தில் எஞ்சினை ஓடவிட்டுவிட்டு நான் பின்னால் போய்த் தார்ப்பாய் கட்டுவேன். அதுவரை அண்ணி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே இருப்பார்.

எனக்குச் சின்ன சத்தம் போதும், தூக்கம் போய்விடும். பிஸ்டனாக இருக்குமோ, வால்வாக இருக்குமோ என்று கைப்பேசியில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சத்தம். எல்லாமே எங்கள் லாரியின் சத்தம்போலவே இருந்தன. மழை பெய்தால் நாளைக்கு வருமே என்று பயம். பெய்யாவிட்டால் நாளைக்கு வராதே, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பயம்.

அதே மழை நாள்களில்தான் அண்ணிக்கும் உடம்பு சரியில்லாமல் போனது. புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். சில நாள் செம்பனை ஓரமாக நிறுத்தச் சொல்லி, இறங்கி வாந்தி எடுப்பார்.

"கிளினிக் போலாமா அண்ணி?"

"ஒண்ணும் இல்ல லா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. எதையோ ஒளித்துவைத்திருக்கும் முகம். கூலாய்ச் சந்தைக் கடையில் வழக்கமாகக் காப்பி குடிப்பவர், திடீரென்று சத்துப்பானமான மைலோ கேட்க ஆரம்பித்தார். இலைக்கட்டைத் தூக்கப்போனால் பாதியில் நின்று, "நீ தூக்கிரேன்" என்பார். அண்ணனுக்கும் அவருக்கும் கல்யாணமாகிப் பல வருடம், குழந்தை இல்லை. ஆஸ்பத்திரி, கோயில், நாட்டு மருந்து எல்லாம் பார்த்துவிட்டு, அதைப்பற்றிப் பேசுவதையே இருவரும் விட்டிருந்தார்கள். எனக்குப் புரிந்தது. வாயைத் திறந்து கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை. கேட்டு, இல்லை என்று ஆகிவிட்டால்?

லாரியைப் பண்டார் தெங்காராவில் இருக்கும் போமனிடம் கொண்டுபோனேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் போமன் என்றுதான் சொல்வோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டிருந்தது. சத்தம் இல்லை.

"எங்கம்மா சத்தம்? நல்லாத்தானே ஓடுது."

"காலையில கேக்குது அங்கிள். குளிர்ல மட்டும்."

"அப்ப பெல்ட்டாத்தான் இருக்கும். ஈரத்துல கத்தும்."

பெல்ட்டை மாற்றினார். அடுத்த மழையில் சத்தம் அப்படியே வந்தது. திரும்பிப் போய்ச் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். காலையில நீங்க வந்தப்புறம் ஸ்டார்ட் பண்றேன்."

மறுநாள் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்ததும், அவர் காரை எடுத்துக்கொண்டு அண்ணியும் நானும் போனோம். மழை தூறிக்கொண்டிருந்தது. போமன் சாவியைத் திருப்பினார். டிக் டிக் டிக். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

அவர் இருக்கைகளைத் தூக்கி எஞ்சினைத் திறந்தார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை அங்குமிங்கும் நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய், எஞ்சினோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் முறிந்துபோயிருந்தது. சுற்றிலும் கரி அப்பியிருந்தது.

"இங்கதான் புகை அடிக்குது. இரும்பு ஆறி இருக்கும்போது சந்து தெரியும், சத்தம் வரும். சூடானா இரும்பு விரிஞ்சு சந்து அடைஞ்சிரும். அதான் நான் பாக்கும்போதெல்லாம் சத்தம் இல்ல."

எனக்கு உடம்பே லேசானதுபோல் இருந்தது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. அவர் டார்ச்சை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பக்கத்து இருக்கைக்கு அடியில், தரையை மூடும் ரப்பர் கிழிந்து ஓட்டையாக இருந்தது. அதன் விளிம்பும் கறுப்பு.

"அலமாக்," என்று திடுக்கிட்டார். "உள்ள உக்கார்றவங்களுக்குத் தலவலி வருதா? வாந்தி?"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு," என்றார்.

"இந்தப் பக்கமா உக்காருவீங்க? கண்ணாடி ஏத்திட்டு?"

"ஆமா."

"நல்ல வேளைமா, இப்பவாவது தெரிஞ்சுது. இந்தப் புகை ஆபத்து. சும்மா விடக்கூடாது."

போமன் வேலையைத் தொடங்கினார். நாங்கள் எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரப் பெண் வந்து நின்றதும் நான் பழக்கத்தில், "ஒரு மைலோ," என்று ஆரம்பித்தேன்.

"காப்பி," என்றார் அண்ணி. "கட்டியா."

நான் வற்புறுத்தித்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். புகையைச் சுவாசித்ததைச் சொன்னோம். டாக்டர் எல்லாவற்றையும் சோதித்தார், அதையும் சோதித்தார். நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். மற்றது இல்லை.

அதன்பின் அண்ணி லாரியில் வரவில்லை. வீட்டில் வேலை இருக்கிறது என்றார். நான் தனியாக ஓட்டினேன். புது போல்ட், புது ரப்பர். மழையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சத்தம் மட்டுமே கேட்டது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் காலியான இருக்கைக்குப் பக்கத்தில் நான் இன்னும் அதிகமாகத் தவித்தேன். கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று லாரியை இழுத்துக்கொண்டு அலைந்தது நான்தானே என்று மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் உட்கார்ந்து இலை கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்து, தானும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டார்.

"புகைன்னு அவரு சொன்னப்ப எனக்கு என்னா தோணுச்சு தெரியுமா?" என்றார். "இந்த லாரிய ரிப்பேர் பண்ணாமயே விட்டுருக்கலாம்னு தோணுச்சு. இன்னும் கொஞ்ச நாளு."

என் கை தன்பாட்டுக்கு இலையை அடுக்கியது.

"பைத்தியம் லா எனக்கு. உசுரு போயிருக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது. நான் இலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுது முடியும்வரை அவர் என் தோளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனிடம் எல்லாவற்றையும் அவரே சொன்னார். மூடிய கதவுக்குப் பின்னால் வெகுநேரம் பேச்சுக்குரல் கேட்டது. இப்போது இருவரும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார்கள். என்ன ஆகும் என்று நான் கேட்பதில்லை.

அவர்கள் பேசிய அடுத்த வாரம் அண்ணி மறுபடி லாரியில் ஏறினார். அப்போதும் நல்ல மழை. உட்கார்ந்ததும் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார். சாரல் உள்ளே அடித்து அவர் ஸ்வெட்டரின் ஒரு கை நனைந்தது.

"நனையுறீங்க அண்ணி."

"நனையட்டும். நீ எடு வண்டிய."