எல்லாருக்கும் நூறு ட்ரே

நிர்மலா அக்காவை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. மலாக்காவை ஒட்டிய பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் லைன் லீடராக இருந்தவர். நான் அவர் லைனில் ஒன்பது வருடம் இருந்தேன். எங்களில் ஒருத்திகூட மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியதில்லை. அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். வேகமாகச் செய்பவள் பாகங்களை முடித்து அடுக்கிய ட்ரேக்களில் மெதுவாகச் செய்பவளின் பேர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார். நாள் வேலை முடியும்போது எல்லார் கணக்கிலும் நூறு ட்ரே. ஒருத்தி நூற்று நாற்பது செய்கிறாள் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் எல்லாருக்கும் நூற்று நாற்பது என்று வந்துவிடும். ஐந்து விரலும் ஒன்றா என்று கேட்பார்கள். அக்கா கையில் ஒன்றாகத்தான் இருந்தது.

அந்த நூற்று நாற்பதுக்காரி காளியம்மா. வேலை பார்த்த எஸ்டேட்டை முதலாளி விற்றதும் டவுனுக்கு வந்தவள். என் கை மந்தம். நூறுக்கு மேல் அவள் செய்த ட்ரேக்களில் முக்கால்வாசி என் பேரில்தான் போனது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் அக்காவுக்குக் காய்ச்சல். தலை சுற்றலோடு ஸ்டிக்கர் ஒட்டியதில் என் பேரில் நாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு ஏறிவிட்டது. அந்த மாதம் பார்த்துத்தானா கம்பெனி ஒவ்வொரு லைனிலும் ட்ரே கணக்கில் முதலில் நின்ற ஆளை டெக்னீஷியன் பயிற்சிக்கு எடுக்க வேண்டும்! நான் போனேன். உண்மையைச் சொன்னால் லைன் முழுக்க மாட்டிக்கொள்ளும். எதைப் பார்த்து எடுத்தார்கள் என்று தெரியாத காளியம்மா, ஏன் தன்னை எடுக்கவில்லை என்று கேட்டபோது, "ஒனக்குப் படிப்பு பத்தல கண்ணு" என்று சொல்லி முடித்துவிட்டார் அக்கா. நான் டெக்னீஷியனாகி ஏர்கான் அறைக்குப் போனேன். பிறகு அந்த லைனை மூடினார்கள். காளியம்மா மலாக்காவில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் கழிவறை கழுவப் போனாள். மாதா கோயிலில் எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். இதை மட்டும் சாமியாரிடம் சொன்னதில்லை.

போன வருடம், குருபோங்கில் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பையன் புவனேஷ் ஒரு குறும்படம் எடுத்தான். எங்கோ படித்த கதை. ஒரு நாட்டில் யாரும் யாரையும்விட அதிகம் செய்யக்கூடாது என்று சட்டம். பூக்கட்டும் பெண் ஒருத்தி அளவுக்கு மேல் கட்டிவிடுவாள். அதிகாரி வந்து, மிச்சச் சரத்தை அவள் கையாலேயே பிரிக்க வைப்பாள். அந்த அதிகாரி வேடம் அக்காவுக்கு. வெயிலைத் திருப்ப வெள்ளை அட்டை பிடிக்கும் வேலை எனக்கு.

"சட்டத்தை மீறினாய்!" என்ற வசனம் அக்கா வாயில் நுழையவே இல்லை. ஐந்து தடவை ஆயிற்று.

"ஆண்ட்டி, உங்க சொந்த வார்த்தையில பேசுங்கலா" என்றான் புவனேஷ்.

அக்கா அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவினார். "நீ கெட்டிக்காரிதான் கண்ணு, யாரு இல்லேன்னா? ஆனா நீ ஒருத்தி ஓடுனா மத்தவங்க எல்லாம் ஓடணும்லா. அவங்க பாவம் இல்லையா?"

லைனில் ஸ்டிக்கர் மாற்றும்போதெல்லாம் காளியம்மாவிடம் சொன்ன அதே வார்த்தைகள். அட்டையை உயர்த்தி என் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

புவனேஷ் குதித்தான். "சூப்பர் ஆண்ட்டி! வில்லின்னா இதான் வில்லி!"

"வில்லியா? நான் அவளுக்கு நல்லதுதானே சொல்றேன்?"

"அதான் ஆண்ட்டி, பாக்கவே பயமா இருக்கு!"

அக்காவின் முகம் செத்துப்போனது. அன்று சாயங்காலம் தன் வீட்டுச் சமையலறையில், கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். "டோரிஸ், காளிகிட்ட சொல்லிரணும்" என்றார்.

"இத்தன வருஷம் கழிச்சு எதுக்குக்கா? விடுங்க" என்றேன். அக்காவின் நிம்மதிக்காகச் சொல்லவில்லை. என் மானம் போகும் என்று பயந்து சொன்னேன்.

ஒரு ஞாயிறு மதியம் மலாக்காவில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். அக்காவே காளியம்மாவைக் கூப்பிட்டிருந்தார். படம் முடிந்ததும் அவள் சிரித்துக்கொண்டே வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நம்ம லைன்ல பேசுன மாதிரியே இருந்திச்சுக்கா!"

அக்கா கையை விடுவித்துக்கொண்டார். "காளி, அந்தப் பயிற்சிக்கு யாரும் படிப்பப் பாக்கல. ட்ரேயத்தான் எண்ணுனாங்க. ஒன்னோடத நான் டோரிஸ் பேர்ல ஒட்டிட்டேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அப்ப படிப்புனால இல்லையாக்கா?" என்றாள். மறுபடியும் அதையே கேட்டாள்.

"இல்ல காளி."

"எம்மவள அடிச்சு அடிச்சுப் படிக்க வெச்சேனேக்கா. அம்மா படிக்கல, அதான் கக்கூஸ் கழுவுறேன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன். இப்ப அவ எங்கிட்ட பேசுறதே இல்ல."