கதவு திறந்திருக்கும்போதே இறங்கிய பிரஸ்

மைசூருவிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகும் வழியில் ஒரு தொழிற்சாலை. தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு நாங்கள் எழுதிய சாஃப்ட்வேரை இன்று காலை அங்கே சோதித்தோம்.

பிரஸ்ஸின் கதவு திறந்திருந்தது. ஆபரேட்டர் முருகேசன் உள்ளே கைவிட்டுத் தகட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதைக் கவனிக்காமல், என் டீமில் இருக்கும் நவீன் லேப்டாப்பில் பிரஸ் செய்யவேண்டிய வேலைகளின் லிஸ்டில் புது வேலை ஒன்றைச் சேர்த்தான். சேர்ந்த உடனே பிரஸ் அதைச் செய்யத் தொடங்கிவிடும்.

பிரஸ் இடி மாதிரி இறங்கியது. முருகேசன் கையை உருவிக்கொண்டார். கையுறை உள்ளேயே நசுங்கிப்போனது.

அவர் நேராக வந்து நவீன் மூக்கில் குத்தினார். கீழே விழுந்தவனைத் தூக்கி மறுபடியும் குத்தினார். தடுக்கப்போன எனக்கும் முழங்கையால் ஒரு இடி.

"கொன்னே போடுவேன் உன்னைய!"

"பேடண்ணா, பேடா! அடிக்காதீங்கண்ணா! லிஸ்ட்டுல வேலையத் தவிர வேற எதுவும் சேராதுண்ணா, டைப் கரெக்டா குடுத்திருக்கேன்!" என்று மூக்கில் ரத்தம் வழியக் கத்தினான் நவீன்.

வினையே அதுதான். வருவது வேலைதானா என்று அந்த லிஸ்ட் பார்க்கும். இப்போது வரலாமா என்று பார்க்காது.

லிஸ்டைத் தூக்கிவிட்டு, சொந்தமாக ஒரு கலெக்‌ஷன் கிளாஸ், அதாவது நான் வைக்கும் விதிப்படி நடக்கும் லிஸ்ட், எழுதினேன். சேர்க்கும் மெத்தடை ஓவர்ரைடு செய்து, கதவு திறந்திருந்தால் எதையும் ஏற்காதபடி மாற்றினேன். கதவைத் திறந்தபடி விட்டு, மரக்கட்டையை உள்ளே வைத்துச் சோதித்தோம். பிரஸ் அசையவில்லை.

முருகேசன் கட்டையை எடுத்து வீசினார். "செரிங்க மேடம். இப்ப உங்க கைய வைங்க."

வைத்தேன். நவீன் வேலையைச் சேர்த்தான். திரையில் எரர் வந்தது. கை முழுசாக வெளியே வந்தது.

சாஃப்ட்வேர் எழுதும் நண்பர்களே, நீங்கள் வைப்பீர்களா?