அத்தை விதைத்த நவதானியம்

தாம்பரம் மார்க்கெட்டில் பூஜை சாமான் கடை வாசலில் இன்றைக்கும் நவதானிய பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. மேலே நவக்கிரகப் படம் போட்டிருக்கும். அதைப் பார்த்தால் மற்றவர்களுக்குக் கோயில் ஞாபகம் வரலாம், கிரகப்பிரவேசம் ஞாபகம் வரலாம். எனக்கு என் அத்தை ஞாபகம்தான் வரும். முதலில் சிரிப்பு வரும், பிறகு இப்படி ஒருத்தி நம் வீட்டில் இருக்கிறாளே என்று பெருமையாக இருக்கும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. சிங்கப்பெருமாள் கோவிலில் மாமாவோடு குடியிருந்தாள். மாமாவுக்கு அந்தப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. குழந்தை இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில், கையில் ஒரே ஒரு பையோடு செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். வாரம் ஓடியது, மாதம் ஓடியது, போகிற வழியைக் காணோம். என் கட்டிலில் பாதி பறிபோனதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

பெரியவர்களின் கவலை வேறு. மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும், கீழே நாங்கள். பெரியம்மா நல்ல மனுஷி, ஆனால் எதையும் சும்மா விடமாட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சின்ன மனஸ்தாபம், நாலு நாளில் சரியாகிவிடும், அத்தையை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அத்தையிடம் என்ன சண்டை என்று கேட்டால் வாயே திறக்கமாட்டாள். எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய்விடுவாள்.

அந்தப் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயருக்குத்தான் தோட்டம். ஏரியை ஒட்டிய தாழ்வான மனை என்பதால், வீடு கட்டும்போது லாரி லாரியாக இடிந்த கட்டடக் குப்பையைக் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மேலே ஒப்புக்கு நாலு கூடை செம்மண். அம்மா வைத்த தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டியது. கறிவேப்பிலைக் கன்று நான் ஒன்றாம் வகுப்பில் பார்த்த அதே உயரத்தில் ஐந்தாம் வகுப்பிலும் நின்றது. அம்மா அதைத் திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுவாள்.

அத்தை ஒருநாள் அங்கே ஒரு குழி தோண்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. குழம்பிப்போய் அப்படியே நின்றது. தோண்டிப் போட்டதில் ஒரு மண்புழுகூட இல்லை. செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, சிமெண்ட் கட்டி, இவ்வளவுதான்.

"செடி மேல தப்பில்ல அண்ணி. இது மண்ணே இல்ல, வெறும் ரப்பிஷ். இதுல எது வரும்?" என்றாள் அம்மாவிடம்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. விடிந்தால் கடப்பாறையும் கையுமாக நிற்பாள். பெயர்த்தெடுத்த கல்லையெல்லாம் சுவரோரம் அடுக்கினாள், மிச்ச மண்ணைச் சல்லடையில் சலித்தாள். தெருவில் புங்க மரமும் வேப்ப மரமும் உதிர்க்கிற சருகைக் கூட்டிக் கொளுத்துவதற்குள் முந்திக்கொண்டு போய்ச் சாக்கில் அள்ளி வருவாள். ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரிடம் சொல்லிவைத்து ஆட்டுப் புழுக்கை வாங்கினாள். கரும்பு ஜூஸ் வண்டியில் சக்கை. டீக்கடையில் வடிகட்டிய டீத்தூள். டீக்கடைக்காரர் என்னைப் பிடித்து, "இன்னா பாப்பா, உங்க அத்தை தெனமும் டீத்தூள வாங்கினு போவுதே, வூட்ல இன்னா டீக்கடை வெச்சுக்கீதா?" என்று கேட்டார். கூட என் வகுப்புப் பெண் ஒருத்தி வேறு நின்றுகொண்டிருந்தாள். எனக்கு மானம் போயிற்று.

இதையெல்லாம் எங்கே கற்றாள் என்றால், காலையில் டீவியில் வரும் விவசாய நிகழ்ச்சியில். மாமா வீட்டில் மாடிப் போர்ஷன், ஒரு தொட்டி வைக்க இடமில்லை. ஆனாலும் தினமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஒருபிடி மண்கூட இல்லாத இடத்தில் மண்ணைப் பற்றிப் பாடம் கேட்டு மனசில் சேர்த்து வைத்தவளை என்னவென்று சொல்வது! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

சருகும் புழுக்கையும் போட்டுக் கிளறி ஆறவிட்ட பிறகு, பலதானியம் விதைக்க வேண்டும் என்றாள். சில தானியம், சில பயறு, சில எண்ணெய் வித்து எல்லாம் கலந்து விதைத்து வளர்ப்பது. தின்பதற்கு இல்லை. வளர்ந்ததும் அறுத்து அந்த மண்ணிலேயே போட்டு மூடிவிட்டால் மண்ணுக்குச் சத்து ஏறும். இந்த விவரத்தை அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். மாடிக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தாம்பரம் கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். கடைக்காரர், எதற்கு இவ்வளவு சிரமம் என்று நவதானிய பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டார். நெல், கோதுமை, எள், கொள்ளு, உளுந்து எல்லாம் அதிலேயே இருந்தன. வீட்டிலிருந்த கடுகையும் வெந்தயத்தையும் மல்லியையும் அத்தை கூடச் சேர்த்துக்கொண்டாள்.

விதைத்தது ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தலையை விரித்துப் போட்டபடி, வெறுங்காலோடு, கிழக்குப் பார்த்து நின்று வீசினாள். ஏன் கிழக்கு என்றால், மேற்கே துணி காய்ந்துகொண்டிருந்தது. இதை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் பெரியம்மா. கீழே இறங்கி வந்தால் படிக்கட்டில் நவக்கிரகப் படம் போட்ட காலி பாக்கெட்டுகள். சனிக்கிழமை, தலைமுழுக்கு, நவதானியம், நவக்கிரகம். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? புருஷனோடு சேர்வதற்காக அத்தை கிரகதோஷப் பரிகாரம் செய்கிறாள் என்று பெரியம்மா முடிவு கட்டிவிட்டாள். நேரே கேட்கக் கூச்சம். சுற்றி வளைத்துக் கேட்டாள். நான் பக்கத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"கெட்டுப்போனது சரியாகணும்ல அண்ணி. அதுக்குத்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"பூ வைக்கிற வரைக்கும் போகக்கூடாது. அதுக்குள்ள முடிச்சுடணும்."

அத்தை சொன்னது செடி பூ வைப்பதை. பெரியம்மாவின் காதில் விழுந்தது, மாமா வந்து தலையில் பூ வைப்பது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுவாரமே திருநீர்மலைக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்து எல்லோருக்கும் துளசி கொடுத்தாள்.

முளைத்தது பாருங்கள், நான் அதற்கு முன்னால் அப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்லை. முதலில் ஊசி ஊசியாக நெல்லும் கோதுமையும். பிறகு இரண்டிரண்டு இலையாகப் பயறுகள். மழை இரண்டு பெய்ததும் என் முழங்காலுக்கு வந்துவிட்டது. எங்கிருந்தோ வண்ணத்துப்பூச்சி வந்தது. தட்டான் வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் பையைப் போட்டுவிட்டு அங்கேதான் ஓடுவேன். என்னை மானம்கெட வைத்த அத்தை போய், எங்க அத்தை வளர்த்தது என்று வகுப்புப் பெண்களைக் கூட்டி வந்து காட்டும் அத்தை ஆகிவிட்டாள். முளைப்பாரி செழித்தால் காரியம் ஜெயம் என்பது பெரியம்மாவின் கணக்கு. செடி உயர உயர அவள் முகமும் மலர்ந்தது. கடைசியில் மாமாவுக்கே போன் போட்டுவிட்டாள். அவள் உங்களுக்காக விரதம் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை பூவோடு வந்து அழைத்துப் போங்கள் என்று.

ஞாயிறு காலை மாடியில் நெய் வாசனை. பெரியம்மா கேசரி கிண்டியிருந்தாள். காரணம் எங்கள் யாருக்கும் தெரியாது. ஒன்பது மணிவாக்கில் மாமா வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகைப்பூ. எல்லோரிடமும் மரியாதையாகச் சிரித்தார், என் கன்னத்தைத் தட்டினார். அத்தை பின்னால் இருக்கிறாள் என்று பெரியம்மாவே முன்னால் நடந்து அழைத்துப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அங்கே அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதிர் அரிவாளால் அத்தனையையும் அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடுகில் மஞ்சள் மொட்டு தெரிய ஆரம்பித்திருந்தது. பாதித் தோட்டம் படுத்துக் கிடந்தது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். பெரியம்மாவுக்கும் கிட்டத்தட்ட அழுகைதான்.

"அடிப்பாவி, பரிகாரம் பலிச்சு அவரே வந்து நிக்கறாரு. முளைப்பாரிய நல்லபடியா ஏரியில கொண்டுபோய்க் கரைக்காம, இப்படியா அறுத்துப் போடுவே?"

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. பரிகாரமா என்று கேட்டாள். அப்புறம் மெல்லப் புரிந்து சிரித்தாள். நிமிர்ந்தவள், பின்வாசல் படியில் நின்ற மாமாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

மாமா குரலை உயர்த்தவே இல்லை. நடந்ததெல்லாம் போகட்டும், கையைக் கழுவிவிட்டுக் கிளம்பு, வண்டி வாசலில் நிற்கிறது என்றார்.

அத்தை பெரியம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். "இது மண்ணுக்காகப் போட்டது அண்ணி. பூ வச்சுட்டா சத்தெல்லாம் பூவுக்குப் போயிடும், மண்ணுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதான் இப்பவே அறுக்கறேன்." பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "நான் வரலைங்க" என்றாள்.

"என்னது?"

"நான் வரல."

மாமா படியிலிருந்து விறுவிறுவென்று அவளை நோக்கி இறங்கினார். கடப்பாறைக்கே மசியாத தரை என்று நினைத்தாரோ என்னவோ, வைத்த கால் கணுக்கால் வரை மண்ணுக்குள் போய்விட்டது. தடுமாறிக் காலை உருவினார். அதற்குள் அப்பா வந்துவிட்டார். என் அப்பா சண்டை சச்சரவு என்றால் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்கிற ஆள். அன்றைக்கு லுங்கியை மடித்துக் கட்டினார். மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே தங்கைக்கும் மாமாவுக்கும் நடுவில் போய் நின்றார். மாமாவைப் பார்க்கவே இல்லை.

"எவ்ளோ ஆழத்துல போடணும்மா?" என்று கேட்டார்.

அத்தை இடது கையை விரித்துக் காட்டினாள்.

"ஒரு சாண் போதும்ண்ணா."

அப்பா வெட்ட ஆரம்பித்தார். மாமா நின்று பார்த்தார், பொட்டலத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார், போய்விட்டார். கேசரியை நாங்கள்தான் தின்றோம்.

மழைக்காலம் முடிந்து தை பிறந்தபோது அந்த மண்ணைக் கையால் அள்ளலாம் போல இருந்தது. கருத்து, பொலபொலவென்று, எங்கே கிளறினாலும் மண்புழு. அவரை கொடியேறிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனது. கத்தரியும் வெண்டையும் முற்றுவதற்குள் பறிக்க ஆள் போதவில்லை. கறிவேப்பிலை இப்போது மாடியைத் தொடுகிறது. பெரியம்மாதான் முறத்தோடு முதலில் இறங்கி வருவாள். என் பரிகாரத்தில் விளைந்தது, எனக்கில்லாததா என்று கேட்டுக்கொண்டே பறிப்பாள். அத்தை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், சாக்கை எடுத்துக்கொண்டு சருகு அள்ளப் போகிறாள். அவளைப்போலத் துணிச்சல்காரி எங்கள் வம்சத்தில் இன்னொருத்தி பிறக்கவில்லை என்பேன்.

மாமா கை நீட்டுகிறவர் என்பதும், அத்தை அதை யாரிடமும், கூடப்பிறந்தவர்களிடம்கூட, வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? மாமாவின் வண்டி தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டதும், அத்தை அறுத்துப் போட்ட பச்சையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. அரிவாளைக் கீழே வைக்கவும் வரவில்லை, அப்பாதான் விரல்களைப் பிரித்து வாங்கினார். இவ்வளவையும் ஒரே மூச்சில் அறுத்தால் கை என்ன ஆகும், நன்றாக வேண்டும் என்று எனக்குக் கோபம். ஆனால் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் போய், "ரொம்ப வலிக்குதா அத்தை?" என்று கேட்டேன்.

"இல்லடி. இப்ப வலிக்கல" என்றாள்.

அப்படியென்றால் இனிமேல்தான் வலிக்கப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தைலம் எடுத்துவர உள்ளே ஓடினேன்.