உடுவிலில் நின்ற பாய்ப்படகு

"தம்பி, அவர் மோசம் போயிட்டார்" என்று சாவுச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னார் மனோகரி அக்கா. அக்காவின் கணவர், கணிதப் பேராசிரியர் ஞானவேலன் அவர்களுடன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தவன் நான்.

சேர் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். பருத்தித்துறையில் பிறந்தவர், சிறுவயதிலேயே பாய் கட்டிக் கடலோடப் பழகியவர். முடிச்சுகளை ஆராயும் கணிதத்துக்குப் போனதும் அதனால்தான் என்பார். கலியாணத்தோடு உடுவிலில் உள்ள சீதன வீட்டுக்கு வந்தார். சுற்றிவர வெங்காயத் தோட்டம், கடல் இல்லை. பிறகு போர் வந்து கடலையும் மூடியது. அந்த நாட்களில் படகேறிப் போன அக்காவின் ஒரே தமையனார் திரும்பி வரவேயில்லை. தடை நீங்கிய பின்பும் கடல் என்றாலே அக்காவுக்கு நெஞ்சு பதறும்.

ஓய்வு பெற்றதும் சேர் வளவுக்குள் ஒரு பாய்ப்படகைத் தன் கையாலேயே கட்டினார். முடிந்ததும் போய்ப் பார்த்தால், அது வாசல் படலையைவிட அகலம்! சுற்றிவர மதில்.

"சேர், அளவுநாடா வாங்கக் காசில்லையோ?" என்றேன்.

"எனக்குக் கூட்டல் கழித்தல் சரிவராது எண்டு உமக்குத் தெரியும்தானே" என்று அவரும் சிரித்தார். ஊரே பகிடி பண்ணியது.

சோளகக் காற்று வீசும் மாலைகளில் அதில் ஏறிப் பாயை விரித்துவிட்டு இருப்பார். பாய் புடைக்கும், மரம் முனகும், படகு மட்டும் அசையாது. ஒருநாள் நானும் ஏறினேன். எனக்கு மூச்சு முட்டியது.

"மதிலிலை ஒரு துண்டை உடைச்சால் படகை வெளியாலை எடுக்கக் காணுமே, சேர்?"

கிணற்றடியில் நின்ற அக்காவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் அளக்காமல் கட்டுவனே? இது வெளியாலை போகாது எண்டபடியால்தான் அவ நிம்மதியாய் இருக்கிறா. ஒருத்தரிட்டையும் கதையாதையும்."

இவ்வளவு ஆசையையும் அடக்கி வைத்தாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

தகனம் முடிந்து, சாம்பலைக் கடலில் கரைக்கக் கீரிமலைக்குக் கொண்டுபோக வான் வந்து நின்றது. அக்கா முற்றத்துக்கு வந்தார். "வான் வேண்டாம். மதிலை உடையுங்கோ."

என்ன அக்கா என்று கிட்டப் போனேன்.

"அவர் அளக்காமல் கட்டுற மனுசனே? எனக்கு முதல் நாளே தெரியும். எனக்குப் பயமாக் கிடந்தது, தம்பி. தெரியாத மாதிரி இருந்திட்டன்."

சேர் உயிரோடு இருக்கையில் அவரிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். மதிலை உடைக்க அலவாங்கை எடுத்தேன்.

உழவு இயந்திரத்தில் ஏறிப் படகு கடற்கரைக்குப் போனது. சேரின் தம்பியார் பாய் கட்டினார். சாம்பல் கரைக்கப் பெண்கள் போவதில்லை என்று யாரோ தொடங்கினார். அக்கா காதில் வாங்காமல், சாம்பல் முட்டியை மடியில் வைத்தபடி ஏறி இருந்தார். ஒரு கையால் படகின் விளிம்பை இறுகப் பிடித்தார். பாய் காற்றைப் பிடித்தது.

போங்கோ, சேர். அக்கா கூட வாறா.