முன் அச்சைத் தேடி வந்தவர்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆனி மாத வெயிலில், எங்கள் விருத்தாசலத்தில் நடந்தது இது. பீங்கான் டிப்ளமோ முடித்துவிட்டு, கழிப்பறைத் தொட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான்தான். அப்பா சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் லோடு வண்டிகளை ஓட்டுகிறவர். முதலாளி மாறுவார், வண்டி மாறும், அப்பாவின் தோள் துண்டு மட்டும் மாறாது. ஒரு தடவையாவது அவரைச் சொந்த வண்டியில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. சாப்பிடும்போதும் அதே நினைப்பு, வேலையிலும் அதே நினைப்பு. இருப்புக் கொள்ளவில்லை.

புது வண்டியெல்லாம் எங்களுக்கு எட்டாது. அதனால் விபத்தில் அடிபட்ட வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் பழைய இரும்புக் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தேன். ஒரு கடையில், மூக்கு நசுங்கிய ‘குட்டி யானை’ லோடு வண்டி ஒன்று அமைந்தது. என்ஜின் நன்றாக இருந்தது, பேப்பரெல்லாம் சரி. முன் அச்சு மட்டும் வளைந்திருந்தது. அதே கடையில் இன்னொரு அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைத்த அச்சு ஒன்று கிடந்தது.

எங்கள் வேலையில், சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தொட்டியையும் மரச் சுத்தியால் தட்டிப் பார்ப்போம். நல்ல தொட்டி மணி மாதிரி ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டொக்’கென்று செத்த சத்தம் வரும். அந்தப் பழக்கத்தில், கடையில் நான் வாங்கிய ஒவ்வொரு சாமானையும் ஸ்பேனரால் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

“இன்னா தம்பி, தேங்கா வாங்க வந்தியா?” என்றார் கடைக்காரர். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அச்சு ‘ணங்’கென்று ஒலித்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. வண்டியைச் சரிசெய்துகொடுத்த மெக்கானிக் அண்ணன், “பெயிண்ட சொரண்டி ஒருவாட்டி பாத்துட்டு மாட்டலாமே” என்றார். “நான் தட்டிப் பாத்துட்டேண்ணே, மாட்டுங்க” என்று அவசரப்படுத்தினேன்.

முதல் லோடு எங்கள் கம்பெனியிலேயே கிடைத்தது. பெண்ணாடத்தில் ஒரு கடைக்குத் தொட்டிகள். அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. “மொத லோடே கக்கூஸு தொட்டியா? ஒரு உப்பு, மஞ்சளு ஏத்தக் கூடாதா?” என்று சொல்லிக்கொண்டே, உப்புப் பாக்கெட்டையும் மஞ்சள் கிழங்கையும் கொண்டுவந்து சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அப்பா, “எல்லாரு வூட்டுக்கும் தேவப்படுற சாமான்டி, இதவிட ராசியா எது இருக்குது?” என்று சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனியில் லோடு ஏறியதும் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். “தம்பி, லேசா எடது பக்கம் இழுக்குதுப்பா.”

“காத்து கம்மியா இருக்கும்ப்பா. பெண்ணாடத்துல பாத்துக்கலாம்.”

படித்த பிள்ளை சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு இல்லை. கிளம்பிவிட்டார்.

வண்டி போய்க் கொஞ்ச நேரத்தில், கேட்டில் என்னைத் தேடி ஒருவர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். போனேன். நாற்பது வயது இருக்கும். பைக்கைப் பிடித்தபடி நின்றார். வலது கால் மடங்கவில்லை. சட்டை முழுவதும் வியர்வை.

“சாமானெல்லாம் தட்டித் தட்டிப் பாத்து வாங்குன தம்பி நீதானா?”

“ஆமாங்க. நீங்க?”

“நல்லூரு பக்கம். நீ மாட்டியிருக்கிற முன் அச்சு என் வண்டியோடது. அத ஓட்டாத தம்பி.”

கடைக்கு விற்ற தன் வண்டியை உடைப்பதற்கு முன்னால் உள்ளே இருந்த சாமி படத்தை எடுத்துப்போக அன்று காலை கடைக்கு வந்திருக்கிறார். அச்சைக் காணோம். கேட்டதற்கு, யாரோ பீங்கான் கம்பெனிப் பையன் தட்டிப் பார்த்து வாங்கிப் போனான் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பீங்கான் கம்பெனிக்கா பஞ்சம்? அந்தக் காலோடு ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“அது ஏற்கெனவே வெல்டு வச்ச அச்சு. சக்கரத்துகிட்ட, உள்பக்கம். லோடு ஏத்துனா எடது பக்கம் இழுக்கும்.”

அப்பா சொன்ன அதே இழுப்பு. அப்பாவுக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடவே மாட்டார். திரும்பத் திரும்பப் போட்டேன். வந்தவர் தன் பைக் சாவியை என் கையில் திணித்து, “நீ ஓட்டு, நான் பின்னால ஏர்றேன்” என்றார்.

பெண்ணாடம் போகும் கருவேப்பிலங்குறிச்சி சாலையில் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. முன்னால் கரும்பு டிராக்டர், எதிரே பஸ்ஸு. ஒவ்வொரு வளைவிலும் சாலையோரத்தைப் பார்க்கப் பயந்தேன். உடைந்த வெள்ளைத் தொட்டிகள் சிதறிக் கிடப்பது போலவே கண்ணில் ஓடியது. “பதறாத தம்பி, பதறாத” என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

கருவேப்பிலங்குறிச்சி தாண்டித்தான் எங்கள் வண்டி தெரிந்தது. பக்கத்தில் போய்க் கையை ஆட்டிக் கத்தினேன். அப்பா என்னைப் பார்த்தார். மகன் முதல் லோடைப் பார்க்கத் துரத்தி வந்திருக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே ஹாரன் அடித்துக் கை காட்டினார். வேகமும் கூடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது பின்னால் இருந்தவர் தன் கையை நீட்டினார். சக்கரத்தைச் சுட்டி, விரலை இரண்டு சுற்றுச் சுற்றி, உள்ளங்கையைக் கீழ் நோக்கி மெதுவாக அழுத்திக் காட்டினார். டிரைவருக்கு டிரைவர் காட்டுகிற ஜாடை அது. அப்பாவின் சிரிப்பு சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தாமல், வேகத்தைத் தானாகக் குறையவிட்டு, ஓரமாக ஒரு புளிய மரத்தடியில் நிறுத்தினார்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினோம். டீசல் துணியால் கிரீஸைத் துடைத்துப் பெயிண்டைச் சுரண்டினால், வெல்டு வைத்த இடத்தில் பாதிக்கு மேல் வாய் பிளந்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். நகம் உள்ளே போனது. கடையில் நான் கேட்ட ‘ணங்’ இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அது இவர் வண்டி அச்சு என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா அவரிடம், “தெரிஞ்சேவா ஓட்டுன?” என்றார்.

“ஆமாங்க. இன்னும் ஒரு லோடு, இன்னும் ஒரு லோடுன்னு ஓட்டிட்டேன். என் காலு போன அன்னிக்கு வண்டி வாய்க்கால்ல எறங்குனது இதாலதான். மாடு குறுக்க வந்துடுச்சின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். எம் பொண்டாட்டிகிட்டகூட அதான் சொன்னேன்.”

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, “நீ வராம இருந்திருந்தா ஒன்ன யாரு கேட்டிருக்கப் போறா?” என்றார்.

லோடை வேறு வண்டியில் மாற்றி அனுப்பினோம். மறுநாள் அச்சைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனபோது அந்த நல்லூர்க்காரரும் வந்திருந்தார். திருப்பிக் கொடுத்தால் மறுபடியும் யாராவது வாங்கிவிடுவார்கள் என்று, எங்கள் கண் எதிரிலேயே கேஸ் கட்டர் வைத்து வெட்டச் சொன்னார். “வெல்டு வச்சத மறைச்சது நான்தான்” என்று அங்கிருந்தவர்கள் முன்னால் சொன்னார். கடைக்காரர் முனகிக்கொண்டே வெட்டினார்.

அப்பா இப்போதும் அதே வண்டியைத்தான் ஓட்டுகிறார், வேறு அச்சோடு. எனக்குத்தான் ஒரு நிம்மதியின்மை போகவே இல்லை. நான் மறைத்தால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை என்கிற மாதிரி ஏதாவது என் வாழ்க்கையில் வரும்போதெல்லாம், மடங்காத காலோடு கேட் கேட்டாக இறங்கி, தன் பொய்யைத் தானே உடைப்பதற்காக என்னைத் தேடி அலைந்த அந்த மனிதரின் வியர்வைச் சட்டை கண் முன்னால் வந்து நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு இருக்க முடிவதில்லை.